கன்ட்ரோலர் சும்மா இருக்கும் நேரம்

கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத தோழி ஒருத்தி, நான் மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி கேமின் முதல் பாகத்தைத் திரும்ப விளையாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கதை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. மேலிடத்து உத்தரவை மீறி நார்மண்டி கப்பலைக் கிளப்பிக்கொண்டு, நாம் இயக்கும் கதாபாத்திரமான ஷெப்பர்ட் ஐலோஸ் கிரகத்துக்குப் போகிற இரவு. கேபின் கதவு திறக்கிறது, கப்பலில் கூட வரும் லியாரா உள்ளே வருகிறாள், நாலு வரிப் பேச்சு, மெல்லிய இசை, ஒரு தோள், ஒரு முதுகு, முடிந்தது. "இவங்க ரெண்டு பேரும் எப்போ இவ்ளோ நெருக்கமானாங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு மிஷன் முடிந்ததும் போய்ப் பேசிவிட்டு வந்தேனே, பார்த்தாய் அல்லவா என்றேன். "நீ எங்க பேசின? கேள்விதானே கேட்டுட்டு இருந்த?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் சொன்னது அநியாயம் என்று வாதாட ஆசைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், மருத்துவ அறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் லியாராவிடம் நான் செய்ததெல்லாம் அதுவேதான். உன் இனத்தைப் பற்றிச் சொல், உன் அம்மாவைப் பற்றிச் சொல், புரோத்தியன்கள் எப்படி அழிந்தார்கள் என்று சொல். இந்த விசாரணை முழுவதையும் முடித்துவிட்டால் கடைசியில் கதவு திறக்கும். இத்தனைக்கும் அதே கேமில், அந்த இரவுக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி உண்டு. கப்பலை நகர்த்தவே கூடாது என்று ஷெப்பர்டின் கையைக் கட்டிவிட்ட பிறகு, லாக்கரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருப்பார். துணைவர் வந்து பேசுவார். எழுந்து நிற்கும்போது இரண்டு முகமும் கிட்டே வரும். சரியாக அந்த நேரம் பார்த்து பைலட் ஜோக்கரின் குரல் ஸ்பீக்கரில் கேட்கும். தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இன்னொருவர் வந்து நிற்பதும், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதும் சேர்ந்து, இவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. பிறகு வரும் படுக்கைக் காட்சி புதிதாக எதையும் சொல்வதில்லை.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே, சிலர் ஒழுக்கப் பாடம் நடத்தப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தச் சண்டை 2008-லேயே ஆடி ஓய்ந்துவிட்டது. ஃபாக்ஸ் நியூஸ் இதே கேமை ஏதோ ஆபாசப் படம் போலக் காட்டி விவாதம் நடத்தியது. அதில் வந்து கண்டித்தவர் கேமை விளையாடிக்கூடப் பார்த்திருக்கவில்லை. கேமில் உடலுறவுக் காட்சி இருக்கலாமா என்ற கேள்வியில் எனக்குச் சுவாரசியமே இல்லை. தாராளமாக இருக்கட்டும். இரண்டு பேருக்கு நடுவில் ஓர் உறவு உருவாகிவிட்டது என்று நம்மை நம்பவைக்க வேண்டிய இடத்தில் கேம்கள் ஏன் இந்தக் காட்சியையே நீட்டுகின்றன, அது ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

முத்திரை குத்தும் காட்சி

2007-இல் வந்த முதல் விட்சர் கேமில் நாயகன் கெரால்ட் யாருடனாவது படுத்தால் அந்தப் பெண்ணின் படம் போட்ட ஒரு அட்டை நமக்குக் கிடைக்கும். சேகரித்து வைத்துக்கொள்ளலாம். இதைவிடப் பச்சையாக ஒரு கேம் தன் மனதைத் திறந்து காட்டியதில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் காதலிகளுக்குச் சதவீதக் கணக்கு இருந்தது. செவிலியாக இருக்கும் காதலியுடன் சுற்றினால், அடிபட்டு ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்போது நம் துப்பாக்கிகள் பறிபோகாது. அந்த கேமின் கோடுக்குள் ஒளித்துவைத்திருந்த உடலுறவு மினிகேமை 2005-இல் ஒரு மாட் (வெளியாட்கள் கேமில் செய்யும் மாற்றம்) வெளியே கொண்டுவந்து, ரேட்டிங்கே பெரியவர்களுக்கு மட்டும் என்று மாறியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அமளி முழுக்க அந்த மினிகேமைச் சுற்றித்தான். காதலியைச் சலுகை அட்டையாக வைத்திருந்ததைப் பற்றி யாரும் பெரிதாக மூச்சுவிட்டதாக நினைவில்லை.

மாஸ் எஃபெக்டைச் செய்த பயோவேர் இவ்வளவு மோசமில்லை, அவர்களுக்கு வசனம் எழுதத் தெரியும். ஆனால் அவர்களுடைய கால அட்டவணையைப் பாருங்கள். முதல் பாகத்தில் ஐலோஸுக்கு முன்னால், இரண்டாவதில் ஒமேகா 4 ரிலேவைத் தாண்டுவதற்கு முன்னால், மூன்றாவதில் செர்பரஸ் தளத்தைத் தாக்கப் போவதற்கு முன்னால். ஷெப்பர்டைக் காதலிப்பவர்கள் பெரும்பாலும் கடைசிப் போருக்கு முந்தைய இரவுதான் கேபினுக்கு வருகிறார்கள். இது காதலின் கணக்கில்லை, கதையின் கணக்கு. விளையாடுபவருக்கு, இந்தக் கதைக் கிளையை நீ முடித்துவிட்டாய், இனி இது மாறாது என்று எங்கேயாவது ஒரு முத்திரை குத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. நட்பு முற்றியதை எப்படிக் காட்டுவது என்பதில் ஆயிரம் குழப்பம் வரலாம். படுக்கையில் இருவர் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் ஸ்டூடியோக்களுக்கு இந்தக் காட்சி இவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கேமில் நமக்குச் சொந்தமானது கை மட்டும்தான். எங்கே நடப்பது, யாரைப் பார்ப்பது, எப்போது சும்மா இருப்பது என்று முடிவு செய்கிற கை. படுக்கைக் காட்சி வந்ததும் கட்சீன், அதாவது நாம் பார்க்க மட்டுமே முடிகிற காட்சி, ஓடும், கன்ட்ரோலர் மடியில் கிடக்கும். நாற்பது மணிநேரம் நாமே சுமந்து வந்த கதாபாத்திரம், ஆகப் பெரிய நெருக்கம் நடக்கிற நேரத்தில் நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. சரி, அந்தக் காட்சியிலும் பட்டன் கொடுத்துப் பார்க்கலாமே என்றால், 2005-இன் காட் ஆஃப் வார் அதையும் செய்து பார்த்துவிட்டது. கேமரா ஒரு ஜாடியைக் காட்டிக்கொண்டிருக்க, திரையில் வரும் பட்டன்களை நாம் வரிசையாக அமுக்க வேண்டும். பரிசாகச் சிவப்பு உருண்டைகள். அதற்குக் கன்ட்ரோலர் மடியிலேயே கிடந்திருக்கலாம்.

தொழில்நுட்பக் காரணமும் ஒன்று இருக்கிறது. கேமில் ஒரு மனிதன் கட்டடத்திலிருந்து குதிப்பதைக் காட்டுவது எளிது, ஒரு கை இன்னொருவர் தோளைத் தொடுவதைக் காட்டுவது கஷ்டம். விரல் பட்ட இடத்தில் சதை அமுங்க வேண்டும், துணி கசங்க வேண்டும், இரண்டு உதடு ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடாமல் நிற்க வேண்டும். இத்தனையும் சரியாக வந்தாலும் கண்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். 2013-இல் வந்த ரைட் டு ஹெல்: ரெட்ரிப்யூஷனில் இருவரும் முழு உடுப்போடு அந்தக் காட்சியை நடத்திய கூத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆக, இந்த ஊடகம் எதில் மிகவும் பலவீனமோ, அதைத்தான் உறவின் உச்சமாக வைத்துக்கொண்டு நிற்கிறது.

பாத்திரம் யார் கழுவுவது

அன்சார்ட்டட் 4-இல், 2016-இல் வந்தது, புதையல் வேட்டையெல்லாம் ஓய்ந்து நாயகன் நேத்தனும் அவன் மனைவி எலீனாவும் வீட்டில் இருக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எலீனா தான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையைப் பற்றிச் சொல்கிறாள். நேத்தனின் கண் சுவரில் இருக்கும் படத்தின் மேல் போய்விடுகிறது. அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அவள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். சண்டை இல்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. அப்புறம் பாத்திரம் யார் கழுவுவது என்று பந்தயம். பழைய பிளேஸ்டேஷனை எடுத்து வைத்து, எலீனாவின் ஸ்கோரை நேத்தன் முந்த வேண்டும். அங்கேதான் கேமைச் செய்த நாட்டி டாக் கன்ட்ரோலரை நம் கையில் கொடுக்கிறது. தாங்களே 1996-இல் செய்த கிராஷ் பாண்டிகூட்டில், உருண்டு வரும் பாறைக்கு முன்னால் ஓடும் லெவலை நாம் விளையாட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து எலீனா கிண்டலடித்துக்கொண்டிருப்பாள். நாம் நிஜமாகவே திணறுவோம், அவள் நிஜமாகவே நம்மை ஓட்டுகிற மாதிரி இருக்கும். இவர்கள் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள் என்று எந்த வசனமும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. இந்த மனிதன் இன்னும் கொஞ்ச நேரத்தில் இவளிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பப் போகிறான் என்பது வலிப்பதற்கு அந்தப் பந்தயம்தான் காரணம்.

மாஸ் எஃபெக்ட் மூன்றாம் பாகத்தில் ஷெப்பர்டின் தோழன் கேரஸுடன் பாட்டில் சுடும் காட்சியையும் இதோடு சேர்த்துக்கொள்வேன். சிட்டாடல் என்ற விண்வெளி நிலையத்தின் உச்சியில் ஏறி நின்று, யார் சிறந்த சுடுநர் என்று இருவரும் போட்டி போடுகிறார்கள். பாட்டில் பறக்கிறது, குறி நம் கையில். அடிக்கலாம். அல்லது, கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டுமென்றே தவறவிடலாம். தவறவிட்டால் கேரஸ் குதிக்கிற குதியைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான எதிரிகளைக் குறி பிசகாமல் சுட்டு வந்த கை, ஒருவனுடைய சந்தோஷத்துக்காக நூலிழை தள்ளிச் சுடுகிறது. கேரஸ் அங்கே காதலனாகவும் இருக்கலாம், வெறும் நண்பனாகவும் இருக்கலாம். காட்சி இரண்டுக்கும் தாங்குகிறது. அந்தத் தொடர் முழுவதிலும் ஓர் உறவை என் விரல் உணர்ந்த இடம் அது ஒன்றுதான்.

ஃபுளோரன்ஸ் என்ற சின்ன மொபைல் கேமைத் தெரிந்தவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரிந்திருக்கும். முதல் சந்திப்பில் பேச்சுக் குமிழியை நிறையத் துண்டுகள் வைத்து அடுக்க வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்துகொண்டே வரும், கடைசியில் பேச யோசிக்கவே வேண்டாம். சண்டை வந்ததும் துண்டுகளுக்குக் கூர்முனை முளைத்துவிடும். காதலன் கிரிஷ் நாயகி ஃபுளோரன்ஸின் வீட்டுக்குக் குடிவரும்போது, அவன் பொருளுக்கு இடம் செய்ய அவளுடைய எந்தப் பொருளை ஒதுக்குவது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். பிரிந்தபின் அவன் பொருள்களைப் பெட்டியில் அடுக்குவதும் நாம்தான். அரை மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேலே நீளும் ஒரு கேம் இது.

வலிமை இரண்டு புள்ளி

இந்த எண்ணங்களோடுதான் 2023-இல் பால்டர்ஸ் கேட் 3-க்குள் போனேன். வெளியாவதற்கு முன்பே, அதைச் செய்த லாரியன் ஸ்டூடியோ கரடி உருவில் இருக்கும் ஹால்சின் என்ற துணைவருடனான படுக்கைக் காட்சியை நேரலையில் காட்டி, டிக்டாக்கில் தடை வாங்கி, ஊரெல்லாம் பேசவைத்திருந்தது. உள்ளே போனால் முகாமில் இருக்கும் அத்தனை பேரும் நம் மேல் விழுகிறார்கள். வந்த புதிதில் அதற்கு ஒரு பிழையும் காரணம், அப்ரூவல் (துணைவர்களுக்கு நம்மை எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு) வரம்பு தேவைக்கும் குறைவாக இருந்துவிட்டது என்று பிறகு அவர்களே சொன்னார்கள். பிழை என்று சொல்லும்வரை பலருக்கும் அது பிழையாகவே தெரியவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இத்தனை வருடப் பழக்கம்! ஹீரோ வந்தால் மயங்க வேண்டியதுதானே.

முகாமில் இருக்கும் அஸ்டாரியனும் அப்படித்தான் வந்தான். இருநூறு வருடம் கஸடோர் என்ற வாம்பயரின் அடிமையாக இருந்து, அழகைக் காட்டி இரையை அழைத்துவருவதே வேலையாக இருந்தவன். கதையின் முதல் பாகத்திலேயே நாசூக்காகப் பேசி, கண்ணடித்து, இரவில் காட்டுக்குள் வா என்கிறான். போனால் வழக்கமான காட்சி. விடிந்ததும் அவன் முதுகில் கஸடோர் கீறிவைத்த வடுக்களைப் பார்க்கிறோம். திரையில் அப்ரூவல் ஏறியிருக்கிறது. கேம் விளையாடிப் பழகிய எவரும் இந்தக் கிளை சரியான பாதையில் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கதையின் இரண்டாம் பாகத்தில் மூன்ரைஸ் கோபுரத்தில் அராஜ் என்ற டிரோ இனப் பெண் வருகிறாள், ரத்தத்தை வைத்து மருந்து காய்ச்சுபவள். வாம்பயர் தன்னைக் கடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அஸ்டாரியன் கடித்தால் ஒரு மருந்து தருவாள். குடித்தால் வலிமை நிரந்தரமாக இரண்டு புள்ளி கூடும். இந்த கேமில் நிரந்தரமாக இரண்டு புள்ளி என்பது கிள்ளுக்கீரை இல்லை. மணிக்கணக்கில் அலைந்து தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. அஸ்டாரியன் வேண்டாம் என்கிறான். அவள் அவனைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்துக் கேட்கிறாள். பட்டியலில் ஆப்ஷன்கள் வந்து நிற்கின்றன. அவனை வற்புறுத்தலாம்.

அந்தப் பட்டியலுக்கு முன்னால் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தக் காட்சி எவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டிருக்கிறது என்ற வியப்பில். ஒருவன் உடலைக் கொடு, உனக்கு ஒரு எண் தருகிறேன். விட்சர் அட்டை கொடுத்ததும், சான் ஆண்ட்ரியாஸ் துப்பாக்கியைக் காப்பாற்றிக் கொடுத்ததும், பயோவேர் கதவைத் திறந்துவிட்டதும் இதே பேரம்தான். லாரியனின் எழுத்தாளர்கள் அந்தப் பேரத்தை எடுத்து, ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வைத்து, நம் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார்கள். கஸடோர் இருநூறு வருடம் செய்ததும் இதையேதான். நாம் வற்புறுத்தினால் மருந்து கிடைக்கும், அவன் கடிப்பான், எண் ஏறும். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும்.

அவன் பக்கம் நின்றால், பிறகு வந்து பேசுகிறான். முதலில் நன்றி. அப்புறம் தயங்கித் தயங்கி உண்மை. உன்னை மயக்கி வளைத்துப் போட்டுக்கொண்டால் நீ என்னைக் கைவிடமாட்டாய் என்றுதான் திட்டம் போட்டேன், பழக்க தோஷத்தில் எல்லாம் தன்னால் வந்தது, ஆனால் இப்போது நிஜமாகவே உன்மேல் ஏதோ இருக்கிறது, யாரோடும் நெருங்கினால் பழைய அருவருப்பு வந்துவிடுகிறது, உன்னோடு எப்படி இருப்பதென்று எனக்குத் தெரியவில்லை என்கிறான். நாம் அவனைக் கட்டிப்பிடிக்கலாம். அவ்வளவுதான் காட்சி. முதலில் அவன் விறைத்து நிற்கிறான், பிறகுதான் இளகுகிறான். அஸ்டாரியனுக்குக் குரல் கொடுத்த நீல் நியூபன் அந்த இடத்தில் குரலிலிருந்து நாடகத்தனத்தைக் கழற்றி வைக்கிற விதம் ஒன்றுக்கே அவருக்கு 2023-இன் கேம் அவார்ட்ஸில் கொடுத்த விருது தகும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த முதல் இரவு வீணாகப் போகவில்லை என்பது. அது இல்லாவிட்டால் இந்த அணைப்புக்கு எடையே இல்லை. உறவை நிறுவியது அந்த இரவில்லை, அந்த இரவு பொய் என்று அவன் வாயால் சொன்னது. அதைச் சொல்லத் துணிந்ததற்கு, இரண்டு புள்ளியை நாம் வேண்டாம் என்று விட்டது காரணம். விட்டுக்கொடுத்தது நம் கை. கதையின் மூன்றாம் பாகத்தில், கஸடோரின் கதை முடிந்து அவன் தன் கல்லறை முன்னால் நிற்கும்போது மறுபடி உடல் நெருக்கம் வரலாம். அப்போது கேட்பவன் அவன், அவனுக்கே வேண்டியிருக்கிறது என்பதால். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான காட்சிகள்தான். நடுவில் நடந்தது மட்டும் வேறு.

முத்திரை குத்தாத சில

இந்தத் திசையில் முன்னமே கால் வைத்தவர்கள் இல்லாமலில்லை. மாஸ் எஃபெக்ட் 2-இல் ஜாக் எடுத்த எடுப்பிலேயே படுக்கைக்குக் கூப்பிடுவாள். சரி என்று போனால் காதல் கிளை அங்கேயே மூடிக்கொள்ளும். 2010-லேயே செய்திருக்கிறார்கள், ஆனால் அதில் தண்டனை வாசனை கொஞ்சம் தூக்கல். அவசரப்பட்டாய், போச்சு என்று வாத்தியார் சொல்கிற தொனி. அதே வருடம் வந்த ஹெவி ரெயினில் மகனைக் கடத்திக்கொண்டுபோய் மழைநீரில் சாகவிட்டிருக்கிறார்கள், தகப்பன் உடம்பெல்லாம் காயத்தோடு மோட்டலில் கிடக்கிறான், அந்த நேரத்தில் மேடிசனை முத்தமிடுகிறாயா என்று கேட்கிறது கேம். மனிதர்கள் அப்படியும் செய்வார்கள் என்று வாதிடலாம். ஆனால் மறுநாள் அந்த இரவைப் பற்றி எந்தத் தடயமும் அவனிடம் இல்லாதபோது, காட்சி வேண்டும் என்பதற்காக வைத்த காட்சி என்றுதான் படுகிறது.

2020-இல் வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் 2-இல் ஏபியும் ஓவனும் படகில் இருக்கும் காட்சியைப் பலர் திட்டினார்கள். எனக்கு அது பிடிக்கும். அழகாக இல்லை என்பதாலேயே பிடிக்கும். சண்டையில் ஆரம்பிக்கிறது. அவனுக்கு வேறொரு துணை இருக்கிறாள், அவள் கர்ப்பமாக இருக்கிறாள், ஏபிக்கு அது தெரியும். பரிசு எதுவும் கிடைக்கவில்லை, நம்மிடம் யாரும் கேட்கவும் இல்லை. இருவரும் எவ்வளவு தொலைந்துபோயிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிகிறது. விளையாடுபவருக்குச் சம்பந்தமே இல்லாத நடத்தை என்பதால்தான் அது மனிதர் நடத்தையாகத் தெரிகிறது போலும்.

ஹேடஸ் கேமில் வரும் டூஸாவையும் சொல்ல வேண்டும். அம்ப்ரோசியா பரிசுகளைக் கொடுத்துக் கொடுத்து நெருங்கினால், எனக்கு அந்த மாதிரி எண்ணம் இல்லை என்கிறாள். ஆனாலும் உறவின் அளவுகோல் நிரம்பிவிடுகிறது. நட்பும் முழுமைதான் என்று ஒரு மீட்டரே ஒத்துக்கொள்வதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

முகாமில் நிற்பவன்

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, பால்டர்ஸ் கேட் 3-இல் எனக்கு ஒப்பாத ஒன்றையும் சொல்லாவிட்டால் சரியில்லை. காதல் உறுதியானபின் முகாமில் துணைவரிடம் போனால் முத்தம் கேட்பதற்கு ஒரு ஆப்ஷன் வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாம். ரசிகர்கள் இதைக் கொண்டாடினார்கள், 2024 பிப்ரவரியில் வந்த ஆறாவது பேட்சில் லாரியன் ஒவ்வொரு துணைவருக்கும் புதுப்புது முத்த அசைவுகளைச் சேர்த்தது. அசைவுகள் நன்றாகவே இருக்கின்றன. மேலே நான் புலம்பிய உதடு, விரல் பிரச்சினையெல்லாம் இதில் பெருமளவு சமாளிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அஸ்டாரியனிடமும் அதே ஆப்ஷன்தான். யார் நெருங்கினாலும் அருவருப்பு வருகிறது என்று தொண்டை கம்மச் சொன்னவன், அடுத்த நாள் முகாமில் கூடாரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கேட்ட நேரமெல்லாம் முத்தம் கொடுக்கிறான். அவன் மறுத்து நான் பார்த்ததில்லை. எழுத்தாளர்கள் அவனுக்கு வாங்கிக்கொடுத்த உரிமை அந்தக் கோபுரத்துக் காட்சியோடு நின்றுவிட்டது, முகாமை நடத்துகிற சிஸ்டத்துக்கு அந்தச் சேதி போகவில்லை. இத்தனை நூறு மணிநேர வசனம் பதிவுசெய்த ஸ்டூடியோவுக்கு இன்னும் ஒரு வரி பெரிய செலவில்லை. எப்போதாவது ஒருமுறை, காரணம் எதுவும் சொல்லாமல், "இன்னைக்கு வேணாமே" என்று அவன் சொல்லட்டும். அப்ரூவலில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.